அடுத்த ஸ்டாப் ரெண்டாவது மாடி

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட் கதவில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று ஓர் அட்டை தொங்குகிறது. பார்க்கிற ஆளை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அட்டையே ஓரம் சுருண்டு பழுப்பேறிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அதைப் பழுது பார்க்க ஒரு ஆள் தேட வேண்டும்.

இன்று டயாலிசிஸ் நாள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் எனக்கு அந்த மெஷினோடுதான் காலை. சிறுநீரகம் இரண்டும் என்னைக் கை கழுவிவிட்டன. அதற்கு முன்பே சர்க்கரை என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சியிருப்பது வாயும் இடது காலும். இரண்டையும் வைத்துத்தான் பிழைப்பு. இடது காலால் தையல் மெஷினை மிதிக்கிறேன், வாயால் மற்றதை எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்.

நாலாவது மாடியிலிருந்து இறங்க வேண்டுமென்றால் என்னைத் தூக்க வேண்டும். தம்பியும் எதிர் வீட்டு வேன்காரண்ணனும் தூக்குகிறார்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, இடுப்பில் துப்பட்டாவால் கட்டி, தம்பி முன்கால்களைப் பிடிப்பான், அண்ணன் முதுகுப் பக்கம். முதல் தடவை பயத்தில் நான் கத்திய கத்தலில் மூணாவது மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் தம்பி இந்தக் கண்டக்டர் வேலையை ஆரம்பித்தான்.

“ரைட் ரைட்! அடுத்த ஸ்டாப் மூணாவது மாடி! சில்லறை இருக்கறவங்க மட்டும் ஏறுங்க!”

சிரித்தால் நாற்காலி ஆடும், ஆடினால் அண்ணன் திட்டுவார், திட்டினால் இன்னும் சிரிப்பு வரும். அப்படியே தரைக்கு வந்துவிடுவோம். மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் சக்கர நாற்காலிக்கு மாறி, வேனில் ஏறி, ஆஸ்பத்திரி.

நர்ஸ் பொண்ணு இன்றும் சொன்னாள்: “எல்லா பேஷண்டும் உங்க மாதிரி இருந்தா எனக்கு வேலையே சுலபம் அக்கா. ஒரு நாளும் தவறினதில்ல, ஒரு நாளும் லேட் இல்ல.” பெருமையாகத்தான் இருந்தது.


மார்ச் 6, வெள்ளி

மேனேஜர் வந்திருந்தார். ஓனரை யாரும் கண்ணால் கண்டதில்லை, எல்லாவற்றுக்கும் இவர்தான். கெட்ட செய்தி எதுவானாலும் பல் முழுதும் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்வார். தம்பி அவருக்கு ‘பல்லு’ என்று பெயர் வைத்துவிட்டான்.

“அம்மா, லிஃப்டுக்கு ஸ்பேர் வரணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. உங்க நிலைமைக்கு நாலாவது மாடி சரிப்பட்டு வருமா? நாங்க வேற இடத்துல கீழ்வீடு பாத்து வச்சிருக்கோம். ஒரு கையெழுத்துதான்.”

அந்த வேற இடம் எங்கே என்று கேட்டேன். சொன்னார். அங்கிருந்து டயாலிசிஸ் சென்டருக்கு வர மூன்று பஸ் மாற வேண்டும். சக்கர நாற்காலியை ஏற்றுகிற பஸ் ஒன்றுகூட இல்லை.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“அவசரமே இல்லம்மா. யோசிங்க.” அதே சிரிப்பு. போகும்போது கூடத்தின் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார், வாங்கப் போகிற தர்பூசணியைத் தட்டுவது மாதிரி.

கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். வேன்காரண்ணனின் மனைவி சொன்னாள். ஆள் இருந்தால் இடிக்க முடியாது. ஆக, எங்களை வெளியே தள்ள வேண்டியதில்லை, லிஃப்டை நிறுத்தினால் போதும்.


மார்ச் 7, சனி

மூணாவது மாடியில் ஒரு வீடு காலி. அவர்கள் போன மறுநாளே கதவில் புதுப் பூட்டு.


மார்ச் 12, வியாழன்

பக்கத்து பெட் சார் ஒரு வாத்தியார். பாதி நேரம் தூங்குவார், மீதி நேரம் எனக்கு வகுப்பெடுப்பார். என் கதையைக் கேட்டுவிட்டு, “மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு பாத்தீங்களா? வியாழக்கிழமை அங்க இலவச சட்ட உதவி வக்கீல் உக்காருவாங்க. என்னை மாதிரி, உங்களை மாதிரி, காசும் இல்லாம உடம்பும் இல்லாம இருக்கறவங்களுக்குத்தான்,” என்றார்.

மெஷினில் இருந்ததால் நான் போக முடியாது. நர்ஸ் பொண்ணு போய்ச் சொல்ல, வக்கீலே பெட்டுக்கு வந்துவிட்டார். முப்பது வயசு இருக்கும். கையில் ஜிப் பிய்ந்த பை, உள்ளே இருந்து காகிதங்கள் எட்டிப் பார்த்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் லிஃப்டைச் சொன்னேன். “அப்புறம்?” என்றார். பல்லுவைச் சொன்னேன். “அப்புறம்?” மூணாவது மாடிப் பூட்டைச் சொன்னேன். “அப்புறம்?” கதை கேட்கிற குழந்தை மாதிரி. கடைசியில் நான் என் கல்யாணம், புருஷன் போனது, கால் போனது எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன். இவ்வளவு நாளாக யாரும் இப்படிக் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டயாலிசிஸ்காரிக்குக் குடிக்கிற தண்ணீர் அளவுதான், கண்ணில் வருவதைக் கணக்கில் சேர்ப்பார்களா தெரியவில்லை.

“வாடகைத் தீர்ப்பாயத்துல மனு போடலாம் அக்கா. நடக்க முடியாதவங்க இருக்கற வீட்டுல லிஃப்டை இப்படி நிறுத்தி வைக்க முடியாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. என்ன ஆனாலும் வீட்டைப் பூட்டிட்டு நாள் கணக்கா எங்கயும் போயிடாதீங்க. காலி பண்ணிட்டாங்கன்னு சொல்லிடுவாங்க.”

காசு கொடுக்க முடியாது, பையைக் கொடுங்கள் என்றேன். அடுத்த வியாழக்கிழமை புது ஜிப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.


மார்ச் 17, செவ்வாய்

மனு போட்டாகிவிட்டது. வீட்டில் வக்கீலுக்கு ‘அப்புறம் மேடம்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

இன்னொரு செய்தி. மாடிப்படித் திருப்பம் ஒவ்வொன்றிலும் கேமரா மாட்டியிருக்கிறார்கள். லிஃப்டுக்கு ஸ்பேர் இல்லை, கேமராவுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ. சின்னக் கறுப்பு உருண்டை, நடுவில் சிவப்புப் புள்ளி.

தம்பிக்குக் குஷி. “அக்கா, நாம சினிமா ஸ்டார் ஆயிட்டோம்!” ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை நிறுத்தி கேமராவுக்கு சலாம் வைத்தான். நானும் ராணி மாதிரி கையசைத்தேன். வேன்காரண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.


மார்ச் 20, வெள்ளி

மூணாவது மாடி முழுக்கக் காலி. ரெண்டாவது மாடியில் ஒரு குடும்பம்தான் பாக்கி. தைக்கக் கொண்டுவருகிறவர்கள் இத்தனை படி ஏறுவதில்லை. ஜன்னலிலிருந்து கயிற்றில் வாளி விடுகிறேன், அதில் பேன்ட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இன்று வாளியை இழுக்கும்போது கீழே பல்லு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையசைத்தார். நான் அசைக்கவில்லை.

சாயங்காலம் மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. தம்பி போய்க் கேட்டால், “இந்தப் பக்கம் ஆளே இல்லைன்னு நினைச்சோம்,” என்றானாம் வாட்ச்மேன். ஆளே இல்லையா? விளக்கு எரிகிறது, மெஷின் ஓடுகிறது, நான் கத்துகிற கத்து தெருவுக்கே கேட்கிறது! பயமாக இருக்கிறது. தம்பியிடம் சொல்லவில்லை.


மார்ச் 27, வெள்ளி

தீர்ப்பாயம். அதுவும் முதல் மாடியில். அங்கேயும் லிஃப்ட் இல்லை. “நல்ல இடத்துலதான் நியாயம் கேக்க வந்திருக்கோம்,” என்று தம்பி முணுமுணுத்தான். தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதிகாரி வயதானவர், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓனர் பக்க வக்கீல் எழுந்தார். லேப்டாப்பைத் திருப்பி வைத்தார்.

நாங்கள்தான். நான், தம்பி, அண்ணன். சத்தம் இல்லாமல். நான் சிரிக்கிறேன். கையசைக்கிறேன். தம்பி சலாம் போடுகிறான். வேறொரு நாள், அதே சிரிப்பு. இன்னொரு நாள், நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். வேறு யாரோ மாதிரி இருந்தது. பிக்னிக் போகிற குடும்பம் மாதிரி.

“சார், இதுல கஷ்டம் எங்க இருக்கு? லிஃப்ட் நின்னதிலேர்ந்து இந்தம்மா ஒரு டயாலிசிஸ் கூட தவறல. சென்டரோட வருகைப் பதிவு இதோ. இங்கயும் மாடி ஏறித்தானே வந்திருக்காங்க?”

சத்தம் இருந்திருந்தால் நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரிந்திருக்கும். அந்தக் கூத்து இல்லாவிட்டால் என்னால் அந்தப் படியைப் பார்க்கவே முடியாது. குனிந்து பார்த்தால் நாலு மாடி ஆழம். அதைச் சொல்ல வாய் திறந்தேன். எனக்கு, இந்த வாய்க்கு, வார்த்தை வரவில்லை.

அப்புறம் மேடம் வாதாடினார். அவசர உத்தரவு கேட்டார். அதிகாரி, “இன்னல் இருப்பதாக இப்போதைக்குத் தெரியவில்லை,” என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார். மேடம் உட்காரவில்லை. “அப்படின்னா சார், அவங்க கேமரா பதிவு எல்லாத்தையும் ஒரு நாள் விடாம பத்திரமா வைக்கச் சொல்லி உத்தரவு போடுங்க. அவங்களே கொண்டுவந்த ஆதாரம்தானே.” அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்கு எரிச்சல். இன்னும் சிரிப்பைச் சேர்த்து வைத்து என்ன செய்யப் போகிறார்?

வெளியே வந்து மேடம் சொன்னார்: “தப்பு உங்க மேல இல்ல அக்கா. நீங்க கஷ்டத்தைக் காட்டிக்காம சமாளிச்சீங்க. இங்க அது கஷ்டமே இல்லைன்னு ஆயிடுது.”

திரும்பி வரும்போது யாரும் கண்டக்டர் வேலை பார்க்கவில்லை. நாலு மாடியும் மூச்சுச் சத்தம் மட்டும்.


மார்ச் 31, செவ்வாய்

மெஷினில் இருக்கும்போது நர்ஸ் பொண்ணிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். ஒரு நாள் வராவிட்டால் என்ன ஆகும்?

என்னை முறைத்தாள். “தண்ணி நுரையீரல்ல ஏறும். ஏன் கேக்கறீங்க?”

சும்மாதான் என்றேன்.


ஏப்ரல் 2, வியாழன்

ஒரே ஒரு நாள். ஒரே ஒரு நாள் போகாமல் இருந்தால் அவர்கள் கேட்கிற ஆதாரம் கிடைத்துவிடும் இல்லையா? வருகைப் பதிவில் ஒரு வெற்றிடம். அவ்வளவுதானே?

மேடத்திடம் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “அதை மட்டும் செய்யாதீங்க. கேஸ் தோத்தாலும் பரவால்ல. நான் சத்தியமா சொல்றேன், செய்யாதீங்க.” முதல் தடவையாக ‘அப்புறம்?’ கேட்கவில்லை.


ஏப்ரல் 6, திங்கள்

வேன்காரண்ணன் காலி செய்துவிட்டார்.

நேற்றுக்கூடச் சொல்லவில்லை. காலையில் சாமான் இறங்குகிற சத்தம் கேட்டு, என் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உருண்டுபோய்க் கதவைத் திறந்தால், அவர் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பணம் குடுத்தாங்க தங்கச்சி. பொண்ணு ஃபீஸ் கட்டணும். என்னை மன்னிச்சிடு.”

என்னென்னவோ சொல்ல நினைத்தேன். “போங்கண்ணே,” என்று மட்டும் சொன்னேன். கதவைச் சாத்தின பிறகுதான் அழுகை வந்தது. நன்றாகத் திட்டியிருக்கலாம். அவர் பெண்ணுக்குப் பள்ளிச் சீருடை நான்தான் தைத்தேன், ஒவ்வொரு வருஷமும் ஓரத்தில் துணி விட்டு. அந்தப் பெண் படிக்க வேண்டாமா? வேண்டும். வேண்டும்தான். ஆனால் நான்?

சாயங்காலத்துக்குள் அந்தக் கதவிலும் புதுப் பூட்டு.


ஏப்ரல் 7, செவ்வாய்

தம்பி பேக்கரியில் கூட வேலை செய்கிற ஒருவனைக் கூட்டிவந்தான். பாவம், பழக்கமில்லாத ஆள். ரெண்டாவது மாடியில் நாற்காலி சாய்ந்து என் தலை சுவரில் இடித்தது. இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மேடத்துக்கு போன் செய்தேன். கேஸை முன்னாடியே எடுக்கச் சொல்லிக் கேட்கிறாராம். தூக்க ஆள் அனுப்பச் சொல்லி இரண்டு அமைப்புகளிடம் கேட்டிருக்கிறாராம், அடுத்த வாரம்தான் முடியும் என்றார்களாம். “வேற எங்கயாவது தங்கலாமா?” என்று அவரே ஆரம்பித்து, அவரே நிறுத்திக்கொண்டார். வீட்டை விட்டால் புதுப் பூட்டு.


ஏப்ரல் 9, வியாழன்

இன்று போக மாட்டேன் என்றேன். படுக்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“என்னால முடியலடா. உன்னையும் முடியாதவனா ஆக்கணுமா? ஒரு நாள் விடு. அவங்களுக்கு வேண்டியது அதுதானே? எழுதிக்கட்டும்.”

தம்பி மைதா மூட்டை தூக்குகிறவன். பீரோவிலிருந்து போர்வையை எடுத்தான், என்னைத் தூக்கி முதுகில் போட்டான், போர்வையைக் குறுக்கே சுற்றி நெஞ்சில் முடிச்சுப் போட்டான். சின்ன வயதில் அம்மா வேலைக்குப் போனபோது அவனை நான் இப்படித்தான் கட்டிக்கொண்டு திரிவேன்.

“வாயை மூடிட்டு வா. நீ செத்து நான் கேஸ் ஜெயிக்கணுமா?”

நாலு மாடியும் இறக்கினான். கண்டக்டர் வேலை இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் முழங்கால் ‘டக்’ என்றது. நான் அதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். மூணாவது மாடித் திருப்பத்தில் பல்பு இல்லை. எரிந்துபோகவில்லை, இல்லவே இல்லை. வெறும் ஹோல்டர். இருட்டில் கேமராவின் சிவப்புப் புள்ளி மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பி புது பல்பு வாங்கி மாட்டினான்.


ஏப்ரல் 10, வெள்ளி

அந்த பல்பும் இல்லை.


ஏப்ரல் 13, திங்கள்

இப்போதுதான் எழுத முடிகிறது. ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய்.

சனிக்கிழமை காலை. முதுகில்தான் போனேன். மூணாவது மாடி இருட்டைத் தாண்டும்போது நான் அவன் தோளை இறுக்கிப் பிடித்தது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு ஆரம்பித்தான். “ரைட் ரைட்! அடுத்த ஸ்டாப் ரெண்டாவது…”

படியில் தண்ணீர். எங்கிருந்து வந்தது, யார் ஊற்றினார்கள், தெரியவில்லை. அவன் கால் வழுக்கியது. விழும்போது அவன் முதுகில் நான் இருந்தேன், நேராகப் பின்னால் விழுந்திருந்தால் நான் அடியில் போயிருப்பேன். திரும்பினான். எப்படித் திரும்பினான் என்று தெரியவில்லை, என்னைக் காப்பாற்றத் திரும்பினான். முகம் குப்புறப் படிகளில் இறங்கினோம். அவன் கீழே, நான் அவன் மேலே. என் மொத்த எடையும், என் உடம்பில் ஏறியிருந்த தண்ணீர் எடையும் சேர்த்து அவன் இடுப்பில்.

“டேய். டேய். எழுந்திருடா.”

“அக்கா, என் காலு எங்க இருக்கு பாரு. எனக்குத் தெரியல.”

கால் அங்கேதான் இருந்தது. தொட்டேன். தொட்டது தெரியவில்லை என்றான்.

முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. அவன் முதுகிலேயே கிடந்து கத்தினேன். மேலே ஆளில்லாத வீடுகள், கீழே ஆளில்லாத வீடுகள். ரெண்டாவது மாடிக் குடும்பம் எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை. மேலே பார்த்தேன். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துக் கையசைத்தேன். கை இரண்டையும் தூக்கி அசைத்தேன். வாங்கய்யா, யாராவது வாங்க, பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க!

கடைசியில் தண்ணீர் கேன் போடுகிறவர் என் சத்தத்தைத் தெருவிலிருந்து கேட்டு ஓடிவந்தார்.

ஆம்புலன்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கையெழுத்துப் போட, ஓட, கேட்க என்னைத் தவிர அவனுக்கு யாரும் இல்லை. “நீங்க உங்க டயாலிசிஸ்க்குப் போங்கம்மா,” என்றார்கள். எப்படிப் போவேன்? ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். சனி போனது. ஞாயிறு சென்டர் கிடையாது. ஞாயிறு சாயங்காலம் படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தாலும் முட்டியது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

இன்று காலை மெஷினில் போட்டார்கள். பிழைத்துக்கொண்டேன்.

தம்பிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன்.


ஏப்ரல் 14, செவ்வாய்

வேன்காரண்ணன் வந்தார். வார்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

“என்னாலதான்… தூக்க ரெண்டு பேர் இருந்திருந்தா…” என்று ஆரம்பித்து, பெரிய ஆம்பளை, குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குத் திட்ட வரவில்லை. “வீடு ஆளில்லாம கிடக்குண்ணே,” என்றேன். “பூட்டிடுவாங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எவன் பூட்டறான்னு பாக்கறேன். சாவியைக் குடு.”

நாலு மாடி ஏறிப் போய் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டார். பல்லு வந்து கேட்டதற்கு, “நான் அண்ணன்,” என்றாராம். “முன்னாடி எதிர் வீட்டுல இருந்தவன்தானேய்யா நீ?” என்றதற்கும், “அண்ணன்தான்,” என்றாராம்.


ஏப்ரல் 22, புதன்

கேஸ். என்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அதிகாரி இந்தத் தடவை கீழ்த்தளத்துக்கு இறங்கிவந்து விசாரித்தார்.

மேடம் இரண்டு காகிதம் வைத்தார். என் வருகைப் பதிவு, பதினொன்றாம் தேதிக்கு நேரே ‘வரவில்லை’. தம்பியின் ஸ்கேன். பிறகு சொன்னார்: “சார், பதினொண்ணாம் தேதி கேமரா பதிவு வேணும்னு கேட்டோம்.”

ஓனர் வக்கீல் எழுந்தார். அன்று மின்சாரம் இல்லை, பதிவாகவில்லை என்றார்.

“எனக்குத் தெரியும் சார், சிவப்பு லைட் எரிஞ்சுது!” நான் கத்திவிட்டேன். மேடம் என் தோளைத் தொட்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “இவங்க சிரிச்ச நாள் எல்லாம் இருக்கு. விழுந்த நாள் மட்டும் இல்லையா? எல்லாத்தையும் வைக்கச் சொல்லி எழுதியிருந்தேனே.”

அந்த வக்கீல் லேப்டாப்பை மூடினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மேடம் அன்று எதற்காக அந்த உத்தரவைக் கேட்டு வாங்கினார் என்று.

உத்தரவு: ஏழு நாளில் லிஃப்ட் ஓட வேண்டும். தண்ணீர், விளக்கு எல்லாம். எங்களை வெளியேற்றக் கூடாது. அதிகாரி படித்தார்: “மனுதாரரின் இன்னல் இப்போது நிரூபிக்கப்பட்டுள்ளது.”

இப்போதா! இப்போதுதானா? என் தம்பி இத்தனை நாள் என்னைத் தூக்கினான், அப்போதெல்லாம் நிரூபிக்கப்படவில்லையா? அவன் கால் இரண்டையும் கொண்டுபோய் மேஜையில் வைத்த பிறகுதான் இவர்களுக்குக் கண் தெரிந்ததா? பாவிகளா. பாவிகளா.

வெளியே வந்து மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. நல்லவேளை சொல்லவில்லை.


ஏப்ரல் 28, செவ்வாய்

ஸ்பேர் வந்துவிட்டதாம். இத்தனை நாள் வராத ஸ்பேர்.


மே 5, செவ்வாய்

வீட்டுக்கு வந்தேன், லிஃப்டில். அண்ணன்தான் வேனில் கொண்டுவந்தார். உள்ளே புது விளக்கு, புதுக் கண்ணாடி. கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பல்லு கீழே நின்று, “இப்ப சந்தோஷந்தானேம்மா?” என்றார்.

டாக்டரிடம் தம்பியைப் பற்றிக் கேட்டேன். “இடுப்புக்குக் கீழ உணர்வு வருமா வராதான்னு இப்ப சொல்ல முடியாது. வராதுன்னு நினைச்சு ஏற்பாடு பண்ணிக்கோங்க.”


மே 16, சனி

தம்பி வீட்டுக்கு வந்தான்.

அவனுக்கும் சக்கர நாற்காலி. என்னுடையதைவிடப் பெரியது. லிஃப்ட் வாசலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அண்ணன் இப்படித் தள்ளிப் பார்த்தார், அப்படித் தள்ளிப் பார்த்தார். ஒரு நாற்காலிக்குத்தான் இடம்.

“நீ போ அக்கா முதல்ல,” என்றான்.

மேலே போய், வெளியே வந்து, காலி லிஃப்டைக் கீழே அனுப்பினேன். கதவுக்கு எதிரே காத்திருந்தேன். கீழேயிருந்து அவன் குரல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை, இரும்புக் கயிறு இழுபடுகிற சத்தம் மட்டும். ரெண்டு என்று எரிந்தது. மூணு என்று எரிந்தது. கதவு திறந்தது. உள்ளே தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நாலாவது மாடி! எல்லாரும் இறங்கு! படியில நிக்காத!” என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

மெதுவாகத் தலையைத் தூக்கினான். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

“செவ்வாய்க்கிழமை உன்னை யாருக்கா கூட்டிட்டுப் போவா?”

“லிஃப்ட் இருக்கேடா,” என்றேன்.